அறிவித்தலுக்கு ஒரு படம்

3 பெப்ரவரி 2025, திங்கள்

தண்ணீர் பவுசர் லொறி இன்றும் வரவில்லை. குடிக்கிற தண்ணீர் இரண்டு குடம்தான் மிச்சம். மனைவி பூஷணி குசினியில் அதை அளந்து அளந்து பாவிக்கிறாள்.

பின்னேரம் லண்டனில் இருந்து மகள் ராகவி எடுத்தாள். போன மாதம் ஊருக்கு வந்த ஒருவரிடம் அவள் கொடுத்து அனுப்பிய புதுப் போனில்தான் கதைத்தேன். பேரப்பிள்ளைகளின் சளி, அங்குள்ள குளிர், மருமகனின் வேலை எல்லாம் கதைத்து முடித்து, வைக்கப் போகிற நேரத்தில், "அப்பா, உங்கடை படம் ஒண்டு நல்ல தெளிவா எடுத்து அனுப்புங்கோ" என்றாள்.

"ஏன் பிள்ளை?"

"சும்மா அப்பா."

பலாங்கொடையில் பதினொரு வருடம் கடையில் நின்றவன் நான். சும்மா வந்து சும்மா விலை கேட்ட ஒருவனையும் அங்கே கண்டதில்லை. சோழியன் குடுமி சும்மா ஆடாது. எழுபத்தொரு வயதுத் தகப்பனுடைய தெளிவான படம் ஒரு மகளுக்கு எதற்கு?

4 பெப்ரவரி, செவ்வாய்

யோசித்துப் பார்த்தேன். சரியாக ஒன்பது நாள்.

என் சிநேகிதன் கிருபானந்தன் டிசம்பர் கடைசியில் போனான். முப்பத்தோராம் நாள், ஜனவரி 25இல், அந்தியேட்டி. பிள்ளைகள் எல்லாம் கனடாவில். தகப்பனுடைய நல்ல படம் ஒருவரிடமும் இல்லை. யாரோ ஒருவருடைய கலியாணத்தில் கூட்டமாக நின்று எடுத்த படத்தில் அவனை மட்டும் வெட்டி எடுத்துப் போட்டார்கள். வெட்டினவன் அவசரத்தில் வெட்டியிருக்கிறான். கிருபானந்தனின் இடது தோளில் இன்னொருவருடைய கை. மோதிரம் போட்ட கை. கைக்குச் சொந்தக்காரனைக் காணவில்லை. சந்தியில் கட்டிய கண்ணீர் அஞ்சலிப் பதாகையில் அந்தக் கை. இணையத்தில் வந்த மரண அறிவித்தலில் அந்தக் கை. அவன் நினைவாக அச்சடித்த கல்வெட்டுப் புத்தகத்தின் அட்டையிலும் அந்தக் கை. அந்தியேட்டிச் சாப்பாட்டில் எல்லோரும் தேவாரத்தை விட்டுவிட்டு "உது ஆற்றை கை?" என்றுதான் விசாரித்தார்கள். நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்த பிறகுதான் துக்கம் வந்தது.

அன்றைக்கு ராகவி தாயோடு போனில் கதைத்ததை நான் விறாந்தையில் இருந்து கேட்டேன். "ஒரு மனிசனுக்கு நல்ல படம் ஒண்டு இல்லாமல் போச்சே அம்மா."

அது 25ஆம் திகதி. நேற்று 3ஆம் திகதி என் படத்தைக் கேட்கிறாள்.

இன்னொன்றும் இருக்கிறது. பொங்கலுக்கு முதல் எனக்கு நெஞ்சு இறுக்கி, யாழ்ப்பாணத்தில் ஈசிஜி, இரத்தம், ஸ்கான் எல்லாம் எடுத்தார்கள். டொக்டர், "பயப்பட ஒண்டுமில்லை ஐயா" என்றார். பயப்பட ஒன்றும் இல்லாதவனுக்கு அதை ஏன் சொல்லவேண்டும்? றிப்போட்டைப் பூஷணிதான் வாங்கி அலுமாரியில் வைத்தாள். நான் இன்னும் கண்ணால் காணவில்லை.

6 பெப்ரவரி, வியாழன்

அலுமாரித் திறப்பு வழக்கமாகத் தொங்கும் ஆணியில் இல்லை.

9 பெப்ரவரி, ஞாயிறு

வட்ஸ்அப்பில் ராகவியின் குரல்: "அப்பா, நெஞ்சுக்கு மேலை மட்டும் வரட்டும். பின்னாலை வெறும் சுவர் இருக்கவேணும். வெள்ளை சேட் போடுங்கோ. கொஞ்சமாச் சிரியுங்கோ, கனக்கச் சிரிக்கவேண்டாம்."

மார்பளவு. வெறும் சுவர். வெள்ளைச் சட்டை. அளவான சிரிப்பு. இனிப் பூமாலை ஒன்றுதான் குறை. வசனத்தையும் நானே எழுதிக் கொடுத்துவிடலாம்: "யாழ். புளியங்கூடலைப் பிறப்பிடமாகவும், பலாங்கொடையைத் தொழிலிடமாகவும், மீண்டும் புளியங்கூடலை வதிவிடமாகவும் கொண்ட சின்னத்தம்பி சிவசிதம்பரம் அவர்கள்" — திகதியை மட்டும் வெறுமையாக விட்டால் சரி.

பகிடிக்குத்தான் எழுதினேன். எழுதி முடித்து இரண்டு தரம் வாசித்தேன். டொக்டர் ராகவிக்கு ஏதோ சொல்லியிருக்கிறார். பூஷணிக்கும் தெரியும். எனக்கு மட்டும்தான் தெரியாது.

11 பெப்ரவரி, செவ்வாய்

முடிவெடுத்துவிட்டேன். நல்ல படம் ஒன்று என் கையால் போகாது. படம் இல்லாவிட்டால் அறிவித்தல் போட ஏலாது. அறிவித்தல் போட ஏலாவிட்டால் — இது பைத்தியக்கார யோசனை என்று எனக்கும் தெரியும். இருக்கட்டும். கிருபானந்தனிடம் நல்ல படம் இல்லை, அவன் போகவில்லையா? அதையும் யோசித்தேன். இருந்தாலும் அனுப்பமாட்டேன்.

காலையில் தலைக்கு வைத்த தேங்காய் எண்ணெயில் ஒரு சொட்டை லென்ஸில் தடவிவிட்டு ஒன்று எடுத்து அனுப்பினேன். பதில் வந்தது: "புகைக்குள்ளை நிக்கிறமாதிரி இருக்கப்பா. லென்ஸைத் துணியால துடையுங்கோ." பிறகு வெயிலை முதுகுப்பக்கம் வைத்துக்கொண்டு இன்னொன்று. நான் கரிக்கட்டை மாதிரி. பின்னால் முருங்கை மட்டும் வெள்ளையாக எரிகிறது. "இருட்டா இருக்கப்பா." மூன்றாவதை ஆட்டி எடுத்தேன்.

"சரி அப்பா, நான் ஸ்ரீவாணியை வரச்சொல்லுறன். அவள் காட்டித் தருவாள்."

15 பெப்ரவரி, சனி

ஸ்ரீவாணி வந்தாள். எனக்குத் தம்பி முறையானவரின் மகள். இரண்டு வளவு தள்ளி இருக்கிறாள், வேலணையில் ஒரு பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறாள். அங்கே விளையாட்டுப் போட்டி, பரிசளிப்பு எல்லாவற்றுக்கும் அவள்தான் படம் எடுப்பவள். எனக்கும் வகுப்புப் பிள்ளைக்குச் சொல்லுகிற மாதிரியேதான் சொன்னாள்.

"பெரியப்பா, முதல்ல லென்ஸைத் துடைக்கவேணும். ஒவ்வொரு முறையும். தூரத்தில நிண்டுகொண்டு விரலால இழுத்துப் பெருப்பிக்காதேங்கோ, படம் உடைஞ்சுபோகும். காலால நடந்து கிட்டப் போங்கோ."

"உச்சி வெயிலில ஆளை எடுக்காதேங்கோ, கண்ணுக்குக் கீழை குழி விழும். காலமை ஏழு மணிக்கு யன்னலுக்குப் பக்கத்தில இருத்துங்கோ. முழங்கை ரெண்டையும் விலாவோடை ஒட்டிப் பிடிச்சால் கை ஆடாது. முகத்தில விரலால ஒருக்காத் தொட்டுப்போட்டு அமத்துங்கோ."

எல்லாவற்றையும் கொப்பியில் எழுதினேன். பிள்ளைக்கு நல்ல சந்தோசம். என்னென்ன செய்யக்கூடாது என்பதற்காகத்தான் பெரியப்பா எழுதுகிறார் என்று அவளுக்குத் தெரியாது.

போகும்போது அவளும் பூஷணியும் படலையடியில் நின்று கனநேரம் குசுகுசுத்தார்கள். நான் போனதும் கத்தரிக்காய் விலை கதைக்கத் தொடங்கினார்கள்.

20 பெப்ரவரி, வியாழன்

படத்தைப் பழுதாக்குவதற்கும் தொழில் தெரியவேண்டும். தெரியாமல் பழுதாக்கினால் மூன்றாம் தரம் பிடித்துவிடுவார்கள். ஆகவே நல்லதாக எடுப்பது எப்படி என்று பழகிப் பார்த்தேன். பழகினதுதான் பிழை. விட மனமில்லை.

இன்று காலை எங்கள் சேவல் கிணற்றுக்கட்டில் ஏறி நின்றது. வெயில் வேலிக்கு மேலால் சரிந்து வருகிற நேரம். லென்ஸைத் துடைத்து, குந்தியிருந்து, அதன் உயரத்துக்கே போனைப் பிடித்து, தலையில் தொட்டு அமத்தினேன். கழுத்து இறகில் ஒவ்வொரு கோடும் தெரிகிறது! செம்பு நிறம், அதற்குள் ஒரு பச்சை. ஆறு வருடமாக இந்தச் சேவலைக் கலைத்துக்கொண்டு திரிகிறேன், பச்சை இருப்பது இன்றைக்குத்தான் தெரியும்.

ஓடிப்போய்ப் பூஷணிக்குக் காட்டினேன். கையைச் சீலையில் துடைத்துவிட்டு வாங்கி, கனநேரம் பார்த்தாள்.

"சேவலை நல்லா எடுத்திருக்கிறியள்."

அவ்வளவுதான். உள்ளே போய்விட்டாள். அந்தக் குரலில் ஏதோ ஒன்று இருந்தது. என்னிடம் எதையோ ஒளிக்கிற குரல்.

2 மார்ச், ஞாயிறு

நேற்றுப் பின்னேரம் சைக்கிளில் மண்கும்பான் கடற்கரைக்குப் போனேன். வலை காயப்போட்டிருந்த கட்டைகளை வரிசையாக எடுத்தேன். இன்று வளவுக்குள் ஆட்டை எடுக்கும்போது ஒரு விசயம் பிடிபட்டது. கொடியில் என் வேட்டி காய்ந்துகொண்டிருந்தது. அதற்குப் பக்கத்தில் ஆடு வந்து நின்றபோது, ஆட்டின் இருண்ட பக்கத்துக்கு வேட்டியில் பட்ட வெளிச்சம் திரும்பி விழுந்தது. கறுப்பு ஆடு, ஆனாலும் ஒவ்வொரு மயிரும் தெரிகிறது. ஸ்ரீவாணிக்குச் சொன்னேன். "பெரியப்பா, உப்பிடி வெளிச்சம் திருப்ப ஸ்ரூடியோக்காரர் காசு குடுத்துத் தட்டி வாங்குறவை" என்று ஆச்சரியப்பட்டாள். என்னிடம் ஏழு வேட்டி இருக்கிறது.

கடலையும் ஆட்டையும் ராகவிக்கு அனுப்பினேன். பதில்: "சூப்பர் அப்பா! உங்கடை படம் எங்கை? அம்மாவையும் ஒண்டு எடுங்கோவன்."

கெட்டிக்காரி. "அம்மாவையும்" என்று சேர்த்தால் எனக்குச் சந்தேகம் வராதாம். கடையில் நாங்களும் இப்படித்தான், பழைய சரக்கைத் தள்ளவேண்டுமென்றால் புதுச் சரக்கோடு சேர்த்துக் கட்டிக் கொடுப்போம்.

8 மார்ச், சனி

என் ஆட்டின் படம் ஊர் முழுக்கப் போயிருக்கிறது. இன்று, கடையடியில் என்னோடு கதைக்க வருகிற தம்பிஐயா வந்தான். சவரம் எடுத்து, திருநீறு பூசி, பட்டுக்கரை வேட்டியோடு.

"சிவசிதம்பரம் அண்ணை, எனக்கும் ஒண்டு எடுத்துவிடுங்கோ."

"எதுக்கடாப்பா?"

"எதுக்கு எண்டு கேக்கிறியளோ? கிருபானந்தன் அண்ணையின்ரை கதைக்குப் பிறகு என்ரை மூத்தவள் பிரான்சில இருந்து ஒரே அரியண்டம். ஒண்டு எடுத்து வைச்சால் சோலி முடிஞ்சுதெல்லே."

அவன் வெட்கப்படவும் இல்லை, பயப்படவும் இல்லை. கதிரையில் இருந்து வெற்றிலைப் பல்லைக் காட்டிச் சிரித்தான். யன்னலடியில் இருத்தி, மற்றப் பக்கம் வேட்டியைத் தொங்கவிட்டு எடுத்தேன். அப்படி ஒரு படம்! பத்து வயது குறைந்து, ஒரு பள்ளிக்கூட அதிபர் மாதிரி இருக்கிறான்.

"அடேயப்பா, உதைப் போட்டால் செத்தவீட்டுக்குச் சனம் கூடுமண்ணை" என்றான்.

அப்படியென்றால் நான் நினைத்தது சரி. பிள்ளைகள் எல்லாம் அதற்குத்தான் கேட்கிறார்கள். வித்தியாசம் என்னவென்றால் தம்பிஐயாவுக்கு ஒரு நோய் வருத்தமும் இல்லை. எனக்கு ஒரு றிப்போட் இருக்கிறது. பூட்டின அலுமாரிக்குள்.

13 மார்ச், வியாழன்

தம்பிஐயா மூன்று நாளாகக் கடையடிக்கு வரவில்லை. நான் எடுத்த படம்தான் அவனை... சைக்கிளை எடுத்துக்கொண்டு போனேன். அவன் விறாந்தையில் இருந்து புட்டும் மீன்குழம்பும் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். "என்னண்ணை, வெள்ளண வந்திருக்கிறியள்?" என்றான். "சும்மா" என்றேன்.

19 மார்ச், புதன்

என் போனை யாரோ தொடுகிறார்கள்.

நான் வெளிக்கமராவில் விட்டுவைப்பேன். இன்று திறந்தவுடன் என் மூக்கே தெரிந்தது. நேரம் வைத்து எடுக்கிற மணிக்கூடு பத்துச் செக்கனில் நிற்கிறது. அதை நான் பாவிப்பதே இல்லை. லென்ஸ் ஓரத்தில் மஞ்சள். குசினி மஞ்சள்.

பூஷணியிடம் சின்னப் பொத்தான் போன் ஒன்று இருக்கிறது. அதில் படம் எடுக்க ஏலாது. ஆகவே என்னுடையதை எடுக்கிறாள். எதை எடுக்க? மத்தியானம் சாப்பிட்டுவிட்டு நான் கண்ணயர்கிற நேரத்தில் என்னைத்தான் எடுக்கிறாள். நான் கொடுக்காத படத்தை எனக்குத் தெரியாமல் எடுத்து மகளுக்கு அனுப்புகிறாள்.

27 மார்ச், வியாழன்

மத்தியானம் சாய்மனைக் கதிரையில் நித்திரை மாதிரிக் கிடந்தேன். பூஷணி மெல்ல வந்தாள். என்னைப் பார்த்தாள். மேசையில் இருந்த போனை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போனாள். என்னை எடுக்கவில்லை! அப்படியானால் எதை? கால் மணித்தியாலம் கழித்துக் கொண்டுவந்து, இருந்த இடத்திலேயே இருந்தமாதிரியே வைத்தாள். உடனே பார்த்தேன். ஒரு படமும் கூடவில்லை. மகளுடைய பக்கத்தில் ஒரு செய்தியும் இல்லை. எல்லாவற்றையும் அழித்திருக்கிறாள்.

"நீர் என்ரை போனை எடுத்தனீரோ?"

"மணி பாக்க எடுத்தனான்."

அவளுடைய தலைக்கு நேரே சுவரில் மணிக்கூடு அடித்துக்கொண்டிருக்கிறது.

கத்திவிட்டேன். நாற்பத்துநாலு வருடத்தில் இப்படிக் கத்தினதில்லை. "எல்லாரும் சேந்து என்னை விசரனாக்குறியள்! எனக்கு என்ன வருத்தம் எண்டு சொல்லித் துலையுங்கோவன்!" அவள் முகம் வெளுத்துப்போனது. சட்டியைக் கழுவப் போய்விட்டாள்.

இந்த மாதம் மட்டும் ஸ்ரீவாணியோடு மூன்று தரம் கண் கிளினிக் என்று பஸ் ஏறியிருக்கிறாள். கண்ணாடி மாறவில்லை. அது என் டொக்டரிடம் போகிற பயணம்.

3 ஏப்ரல், வியாழன்

ஒருவருக்கும் சொல்லாமல் ஊர்காவற்றுறைக்குப் போய் வேறு டொக்டர் ஒருவரிடம் காட்டினேன். குழாயை வைத்துப் பார்த்தார், பிரசர் பார்த்தார், ஈசிஜியும் எடுத்தார். "இந்த வயசுக்கு உங்களுக்கு நல்ல இருதயம் ஐயா. பயப்பட ஒண்டுமில்லை."

இவரும் அதே வசனம். ராகவி இவருக்கும் எடுத்திருப்பாளோ?

5 ஏப்ரல், சனி

எப்படி எழுதுவது.

காலையில் வேறொன்றை அழிக்கப் போய்ச் சேவல் படத்தை அழித்துவிட்டேன். ஸ்ரீவாணிக்கு எடுத்தேன். "பயப்பிடாதேங்கோ பெரியப்பா, அழிச்சது முப்பது நாளைக்குக் குப்பைக்கூடைக்குள்ளை கிடக்கும்" என்றவள் சட்டென்று நிறுத்தினாள். பிறகு அவசரமாக, "நீங்கள் ஒண்டையும் தொடாதேங்கோ, நான் பின்னேரம் வந்து எடுத்துத் தாறன்" என்றாள்.

நான் ஏன் தொடக்கூடாது? தேடினேன். கண்டுபிடித்தேன்.

சேவல் மேலேயே கிடந்தது. அதற்குக் கீழே எல்லாம் பூஷணி.

நாற்பத்துமூன்று படம். எண்ணினேன். ஒன்றில் முகட்டு ஓடும், வகிட்டில் குங்குமமும் மட்டும். ஒன்றில் பெருவிரல். குசினிப் புகைச்சுவருக்கு முன்னால் நின்று எடுத்ததில் முகமே தெரியவில்லை. பிறகு யன்னலடிக்குப் போயிருக்கிறாள், ஆனால் யன்னலை முதுகுக்குப் பின்னால் வைத்திருக்கிறாள். வெறும் சுவருக்காக என் வேட்டியைக் கட்டி அதற்கு முன்னால் நின்ற ஒன்று. கடைசியில் உள்ளவற்றில், ராகவியின் கலியாணத்துக்கு வாங்கின ஊதாச் சேலை. பட்டப்பகலில், ஒரு நாள் பெருநாளும் இல்லாமல், பின்பக்கத்தில் பட்டுச்சேலை. சிரிக்கப் பார்த்திருக்கிறாள். சிரிப்பு வருவதற்கு முதல் கமரா அடித்துவிட்டது.

நாற்பத்துமூன்றும் சரியில்லை என்று அவளே அழித்திருக்கிறாள்.

அதற்கும் கீழே ஒரு கிளினிக் கொப்பியின் பக்கங்கள். பிடித்துவிட்டேன் என்றுதான் முதலில் நினைத்தேன். சத்தியமாகச் சொல்லுகிறேன், ஒரு வெற்றி மாதிரி இருந்தது. இதுதான் என் றிப்போட். விரலால் இழுத்துப் பெருப்பித்தேன். மேலே தெல்லிப்பழை முத்திரை. புற்றுநோய்க் கிளினிக். பெயர் இருந்த இடத்தைப் பெருப்பித்தேன்.

சி. நாகபூஷணி. வயது 66.

என்ரை பேர் இல்லை. நான் திருப்பித் திருப்பிப் பாத்தன். என்ரை பேர் இல்லை. ரெண்டு மாசமா நான் என்ரை சாவையே பாத்துக்கொண்டு இருந்திருக்கிறன். என்ன மனிசன் நான்? பக்கத்தில இருந்தவளை ஒருக்காலாவது நிமிந்து பாத்தனானோ?

6 ஏப்ரல், ஞாயிறு

எழுத ஏலாது.

8 ஏப்ரல், செவ்வாய்

இன்று கேட்டேன். அவள் குசினியில் தேங்காய் திருவிக்கொண்டிருந்தாள். ஊதாச் சேலைப் படத்தைத் திறந்து போனை அவளுக்கு முன்னால் வைத்தேன். பார்த்தாள். திருவுகிற கை நிற்கவில்லை.

"ஸ்ரீவாணி அழிக்கக் காட்டித் தந்தவள். கூடை ஒண்டு இருக்கெண்டு சொல்லேல்லை."

"எப்ப இருந்து?"

"மார்பில கட்டி எண்டு பொங்கலுக்கு முதலே தெரியும். அந்தக் கிழமைதான் உங்களுக்கு நெஞ்சு இறுக்கினது. எந்த வாயால உங்களுக்குச் சொல்லுறது? நீங்கள் தாங்கமாட்டியள் எண்டு பிள்ளையும் பயந்தவள்."

"அப்ப என்ரை றிப்போட்?"

"உங்களுக்கு வாய்வு. வேறை ஒண்டுமில்லை. என்ரை கொப்பியும் அதுக்குள்ளை எண்டபடியால்தான் திறப்பை ஒளிச்சனான்."

வாய்வு! இரண்டு மாதமாக நான் வாய்வுக்கு மரண அறிவித்தல் எழுதிக்கொண்டிருந்திருக்கிறேன். சிரிக்கவும் ஏலவில்லை.

"உந்தப் படம் எல்லாம்?"

அவள் திருவலையை ஒரு பக்கம் தள்ளி வைத்தாள். "கிருபானந்தன் அண்ணைக்கு வெட்டி எடுக்கவாவது ஒரு கலியாணப் படம் இருந்தது. எனக்கு அதுகும் இல்லை. எங்கடை அல்பம் இடம்பெயர்வில போச்சு. பிள்ளையின்ரை கலியாணத்தில நான் அடுப்படியில. அடையாள அட்டையில இருக்கிறது ஆரெண்டு எனக்கே தெரியேல்லை. எனக்கு எண்டு கேக்க வெக்கமா இருந்தது. அதுதான் உங்கடை படத்தைக் கேக்கச் சொல்லிப் பிள்ளைக்குச் சொன்னனான். நீங்கள் எடுக்கப் பழகினால் என்னையும் ஒண்டு எடுப்பியள் எண்டு நினைச்சன்."

பிறகு விரல் மடித்து எண்ணினாள். "சேவல். ஆடு. மண்கும்பான் கடல். தம்பிஐயா."

நான் கிணற்றடிக்குப் போய் முகத்தைக் கழுவுகிற மாதிரி அழுதேன். நல்ல சத்தமாக அழுதேன். அவள் வந்து துவாயைக் கையில் தந்துவிட்டுப் போனாள்.

14 ஏப்ரல், திங்கள் — வருடப்பிறப்பு

கோயிலில் இருந்து வந்த, மூலிகை அவித்த மருத்துநீரை அவளுடைய தலையில் நான் வைத்தேன், என் தலையில் அவள் வைத்தாள். தோய்ந்து, ஊதாச் சேலை கட்டி, ஏழு மணிக்கு யன்னலடியில் வந்து இருந்தாள். ஸ்ரீவாணி மற்றப் பக்கம் வேட்டியை விரித்துப் பிடித்துக்கொண்டு நின்றாள். லென்ஸை மூன்று தரம் துடைத்தேன். முழங்கை இரண்டையும் விலாவோடு ஒட்டிப் பிடித்தேன்.

"கமராவைப் பாராதேயும் பூஷணி. என்னைப் பாரும்."

"உங்களை என்னத்துக்குப் பாக்கிறது? சவரமும் எடுக்கேல்லை" என்றாள். ஸ்ரீவாணி சிரித்தாள். அவளும் சிரித்தாள். அந்த நேரம் அமத்தினேன்.

பத்தொன்பது எடுத்தேன். அந்தச் சிரிப்பு பன்னிரண்டாவது. சிரிக்கும்போது அவளுடைய இடப்பக்கச் சொண்டு கொஞ்சம் மேலே ஏறுகிறது. நாற்பத்துநாலு வருடம் ஒரே வீட்டில் இருந்தும் எனக்குத் தெரியாது. வெட்கமாக இருக்கிறது, அதே நேரம் சந்தோசமாகவும் இருக்கிறது.

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தாள். இந்த முறை அழிக்கவேண்டும் என்று சொல்லவில்லை. "இது காணும். பிள்ளைக்கு அனுப்பிவிடுங்கோ."

"ஓம்" என்றேன்.

15 ஏப்ரல், செவ்வாய்

அனுப்பவில்லை.

22 ஏப்ரல், செவ்வாய்

ராகவி எடுத்தாள். "அம்மா படம் எடுத்ததெண்டு சொன்னா. எனக்கு இன்னும் வரேல்லையே அப்பா?" இணைப்புச் சரியில்லை என்றேன். பூஷணி குசினிக்குள் இருந்து கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். பின்னேரம் தேத்தண்ணியைக் கொண்டுவந்து வைத்துவிட்டு நின்றாள்.

"நீங்கள் அனுப்பேல்லையோ?"

"அது சரியில்லை. ஒரு பக்கம் இருட்டடிச்சுப் போச்சு. திரும்ப எடுக்கவேணும்."

என்னையே பார்த்தாள். ஒருவன் பொய் சொல்கிறானா என்று பார்க்கிற பார்வை. இந்த வீட்டில் அது இதுவரை என்னுடைய பார்வையாகத்தான் இருந்தது.

"அப்ப எடுங்கோ" என்றாள். "நாளைக்குக் காலமை."

29 ஏப்ரல், செவ்வாய்

தெல்லிப்பழை. முதல் மருந்து ஏற்றினார்கள். நான்தான் கூடப் போனேன். ஆறு தரம் ஏற்றவேண்டுமாம். பிறகுதான் ஒப்பரேசனா இல்லையா என்று சொல்வார்களாம். டொக்டர் சொன்ன ஒவ்வொரு வசனத்தையும் கொப்பியில் எழுதினேன். ஒன்றையும் நம்பாமல் விடவில்லை. வருகிற வழியில் பஸ்ஸில் என் தோளில் சாய்ந்து நித்திரையானாள்.

7 மே, புதன்

தலைமயிர் கொட்டத் தொடங்கிவிட்டது. பழைய வெள்ளைச் சீலைத் துண்டு ஒன்றைத் தலையில் கட்டியிருக்கிறாள். சோறு வாய்க்குப் பிடிக்கவில்லை, கஞ்சி மட்டும்.

ஆனாலும் ஏழு மணிக்குக் கதிரையை அவளே இழுத்து யன்னலடியில் போடுகிறாள். இன்றோடு பதினைந்தாவது நாள். மருந்து ஏற்றின நாள்கூட விடவில்லை. நான் வேட்டியைக் கொடியில் இருந்து எடுத்துவந்து பக்கத்தில் கட்டினேன். துடைத்தேன். கிட்டப் போனேன். எடுத்தேன்.

"இண்டைக்காவது சரிவந்ததோ?"

"இல்லை. கண்ணை மூடிப்போட்டீர்."

"நான் மூடேல்லை."

"மூடினீர்."

சிரித்தாள். கதிரைக் கையைப் பிடித்துக்கொண்டு மெல்ல எழும்பினாள். "சரி, அப்ப நாளைக்குப் பாப்பம்."

அவள் உள்ளே போன பிறகு படத்தைப் பெருப்பித்துப் பார்த்தேன். இரண்டு கண்ணும் நன்றாகத் திறந்துதான் இருக்கின்றன.